பிளீச்சிங் பவுடர் குடித்த வண்டி

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். மழைக்காலம், கொசு, காய்ச்சல் என்று காரணம் இருக்கும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நெடி மூக்கில் ஏறியதும் காப்பி டம்ளரை டொக்கென்று கீழே வைத்தேன்.

"மொதலாளி வந்துட்டாருங்களா?" என்றாள் மனைவி. என் பழைய முதலாளி செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த நெடி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். நானும் சலிக்காமல் திட்டுவேன்.

அந்த நெடிக்குள்தான் நான் வேலை பழகினேன். அறுபதுகளின் கடைசி. நொய்யல் ஆற்றங்கரையில் முதலாளிக்கு ஒரு சலவைப் பட்டறை. பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, அலசி, கரையில் விரித்துக் காயவைப்பார்கள். பழுப்பாக வந்த துணி பால்போல் வெளுத்துத் திரும்பிப் போகும். அந்தப் பொடிமேல் எங்கள் ஆட்களுக்கு இருந்த நம்பிக்கை குலதெய்வத்தின்மேல்கூட இருந்ததா என்பது சந்தேகம். வேட்டிக் கறைக்கு அதுதான், வாசல் பாசிக்கும் அதுதான். தண்ணீர் இறைக்கிற கிணற்றுச் சகடையில் துரு பிடித்தால்கூட ஒரு பிடி கரைத்து ஊற்றுவார்கள்.

நான் அங்கே வேன் டிரைவர். வெள்ளைக்காரன் காலத்து வேன், என்னைவிட மூத்தது. தினமும் காலையில் மூடியைத் திறந்து, ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். நான் குளிக்காமல் வேலைக்குப் போன நாள் உண்டு. அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் கிளப்பிய நாள் கிடையாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள்தான்.

ஆயுத பூஜைக்கு மடத்துக்குளம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வண்டி சந்தனமும் குங்குமமுமாக நின்றது. "ரேடியேட்டரெல்லாம் நானே சுத்தம் பண்ணி வெச்சிருக்கறேன் கண்ணு" என்றார் முதலாளி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதலாளியே வண்டி கழுவுகிறார் என்றால் சும்மாவா!

அதன்பிறகு வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. நிற்கிறபோது ஒரு சொட்டு கசியாது. பல்லடம் போய்த் திரும்பினால் பாதி ரேடியேட்டர் காலி. பெருமாநல்லூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கருப்பசாமியிடம் விட்டேன். வாயைத் திறந்தால் வசவு, ஆனால் வேலை தெரிந்தவர். ரப்பர் ஹோஸை மாற்றினார். வாட்டர் பம்ப்பைப் பிரித்து மாட்டினார். எஞ்சினே உள்ளுக்குள் குடிக்கிறதோ என்று ஹெட்டைக் கழற்றி கேஸ்கட்டையும் மாற்றினார். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"ரேடியேட்டரக் கழட்டிப் பாத்தர்லாமுங்களா?" என்று அவரே வந்து முதலாளியைக் கேட்டார்.

"அது எதுக்குங்க? அது நான் கையோட சுத்தம் பண்ணுனதுங்க. அதத் தொட வேண்டாமுங்க."

கடைசியில் எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது. தினமும் ஒரு விசாரணை. "ஏங் கண்ணு, தண்ணி ஊத்துனயா?" "ஊத்துனனுங்க." "நெசமாலுமே ஊத்துனயா சாமி?" எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை கிடையாது. அடித்தால் திருப்பி அடிக்கலாம். கண்ணு, சாமி என்று கூப்பிட்டுப் பொய்யன் என்பவரை என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் சூடானதும் பிளீச்சிங் நெடி குப்பென்று அடிக்கும். நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஏற்றியிருக்கும் துணி நாறும், என் சட்டை நாறும், மத்தியானச் சோறு கொண்டுபோகிற போசிகூட நாறும். இதில் ரேடியேட்டர் நாறுவதை எந்த மூக்கால் கண்டுபிடிப்பது?

அந்தச் சமயத்தில்தான் பொங்கலூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா காடு தோட்டம் உள்ள மனிதர். மில்லும் மோட்டாரும் அவருக்குப் பிடிபடாது. எனக்கோ அப்பா இல்லை. "வேலை குடுத்தவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், குடுத்தர்றோம்" என்று சொல்லியனுப்பினார். முதலாளியும் பெரிய மனதோடு கிளம்பினார். மாப்பிள்ளையே டிரைவர் என்பதால் நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கிளம்புமுன் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுத்தான்.

அவர்கள் தோட்டத்துக்கு முன்னாலேயே வண்டி கொதித்து ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்கப் போனேன், முதலாளியும் பின்னால் வந்தார். கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் பெண்ணின் அப்பா.

"என்னாச்சுங்க வண்டிக்கு?" என்றார், என்னைத் தாண்டி முதலாளியைப் பார்த்து.

வண்டி பழசு என்று முதலாளி சொல்லியிருக்கலாம். என்னவென்று தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும். ஆனால் அவருடைய வண்டி நடுரோட்டில் நின்றது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பையன் தண்ணி ஊத்த மறந்துட்டானுங்க. கலியாண நெனப்பு பாருங்க!"

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரிக்கு அதைவிடப் பெரிய குற்றம் உண்டா? தன்னை நம்பி இருக்கிற வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர் காட்டாதவன் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன செய்வான்? மோர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பிறகு சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். ஆள் வரவே இல்லை.

மறுநாள் யாரையும் கேட்காமல் கருப்பசாமி ரேடியேட்டரைக் கழற்றினார். எனக்கு நடந்ததைக் கேட்டு அவருக்கும் ரத்தம் கொதித்திருந்தது. எங்கள் சலவைப் பட்டறைக்கே கொண்டுவந்து, வாய்களை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். ஊசி குத்தியதுபோல் எத்தனையோ இடத்தில் குமிழி வந்தது. வண்டி ஓடிச் சூடேறினால் அத்தனை ஓட்டையும் திறந்துகொள்ளும். ஃபேன் காற்றிலும் எஞ்சின் சூட்டிலும் தண்ணீர் தரைக்கு வருமுன்னே ஆவியாகிவிடும். பித்தளைக் குழாய்களை உள்ளேயிருந்து எதுவோ தின்றிருந்தது.

துணி அலசிக்கொண்டிருந்த ரங்கம்மாக்கா எட்டிப் பார்த்தார். "பின்ன என்னங்க, ஆயுத பூஜை நோம்பியன்னிக்கு மொதலாளிதானுங்க இதுக்குள்ள பவுடரக் கரைச்சு ரொப்பி ராத்திரி முச்சூடும் உட்டு வெச்சாரு" என்றார், வெயில் அடிக்கிறது என்பதைப்போல.

முதலாளி மறுக்கவில்லை. "துணியே வெளுக்குது, ரேடியேட்டர் வெளுக்காதான்னு நெனச்சேன்" என்றார். வேறு ஊரில் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. அந்த முட்டாள்தனத்தை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அடுத்துச் சொன்னதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"பொங்கலூர்ல ஒரு வார்த்தை சொல்லீருங்க. தப்பு எம்மேல இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க" என்றேன்.

"உடு கண்ணு. இதுக்கெல்லாம் போயிச் சொன்னா நல்லாருக்குமா? உனக்குப் பொண்ணா கெடைக்காது?"

வண்டிச் சாவியைத் தொட்டித் திண்டின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவு வீரம்தான் என்னால் முடிந்தது.

பெண் கிடைத்தாள்தான். "அவரு ஒழுங்காப் பேசியிருந்தா எங்கதி என்னாயிருக்குமுங்க?" என்று அவளே கேட்டுச் சிரிப்பாள். கோபம் அதற்கில்லையடி என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் மூன்று மாடி கார்மெண்ட்ஸ். வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. நொய்யல் சாயக் கழிவில் கலர் கலராக ஓடியது, பிறகு கறுத்துப் போனது. அந்தக் கரைக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கு எந்த டிரைவரும் ரேடியேட்டரில்கூட ஊற்ற மாட்டான். ஒரு ரேடியேட்டரைத் தின்ற தண்ணீர் ஆற்றை மட்டும் விட்டுவைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி இல்லை. கருப்பசாமி இல்லை. பொங்கலூர்ப் பெரியவரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியவரும் போய்விட்டார், கேட்க வேண்டியவரும் போய்விட்டார்.

எங்கேயோ ஒரு வீட்டில் அந்தப் பொங்கலூர்ப் பெண் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். "எனக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கிற ஆளாம்" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஊத்துனனுங்க அம்மணி. கழுத்துமுட்ட ஊத்திட்டுத்தானுங்க வந்தேன்.