குதிரை குறுக்கே ஓடிய இறுதிச் சுற்று

போன வருடம் நெடுந்தீவுப் புல்வெளியில் இயந்திரமில்லாத ரிமோட் கிளைடர் விமானப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் நானும் ஊர்காவற்றுறை மீனவர் ஒருவரும் மிஞ்சினோம். தரையில் முளையடித்துக் கட்டிய, ஒரே நீளமுள்ள இழுவை ரப்பர்களால் கிளைடர்களை இருவரும் ஒன்றாக ஏவ வேண்டும். மறுபடி ஏவ விடமாட்டார்கள். அதிக நேரம் பறப்பதே வெல்லும்.

ஏவிய கணத்தில் அங்கே கட்டாக்காலியாக அலைந்து திரியும் குதிரையொன்று அவருடைய ரப்பரில் இடறி ஓடியது. அவருடைய கிளைடர் புல்லில் குத்தியது. என்னுடையது உயர ஏறிவிட்டது.

"நீர்தான் வெண்டனீர்," என்றார் நடுவர்.

"இதென்ன நியாயம் அண்ணை? குதிரைக்கு விதி தெரியுமே? திரும்ப விடுவம்!" என்று கத்திக்கொண்டே என்னுடையதை இறக்கினேன்.

நானே இறக்கிவிட்டதால் நடுவர் விதியைத் தளர்த்திச் சம்மதித்தார். இம்முறை இரண்டும் பருந்துகளுக்கு நடுவே சுழன்று ஏறின. கடைசியில் என்னுடையதே முதலில் தரை தொட்டது. தோற்ற நானும் வென்ற மீனவரோடு சேர்ந்து துள்ளினேன்.