பத்தாவது பக்கம்

வெளிநாட்டு ஆய்வகத்தில் நிரந்தர வேலையே தேடி வந்ததாம், அந்தக் கடிதத்தை ஆயா பேராசிரியர் மூஞ்சியில் விட்டெறிந்தாளாம். குடும்பத்து வாட்ஸ்அப்பில் இதைக் கிளப்பியது ஆயாவின் நாத்தனார். நாத்தனார் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. விசாரித்ததில், கடிதம் கசங்காமல் டிராயரில் இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை.

ஆயா என்பது ஆய்வகம் வைத்த பெயர். கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்கு வேளாவேளைக்குத் தீனி மாற்றுவது அவள் வேலை. ஒரு நாள் தவறினாலும் செத்துத் தொலையும். அவளிடம் கை பழகியவர்கள் எல்லாம் டாக்டர் பட்டத்தோடு போய்விட்டார்கள். அவள் மட்டும் பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இடைவெளி இல்லாமல் பத்து வருடம் உழைத்தவருக்கு ஓய்வூதியம் உண்டு என்கிறது சட்டம். அதன் கண்ணைக் கட்ட மெத்தப் படித்தவர்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: வருடா வருடம் ஒப்பந்தம் முடியும், ஒரே ஒரு நாள் அவள் வேலையில் இல்லாதவள், மறுநாள் புது ஒப்பந்தம். செல்களுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியுமா? அன்றைக்கும் பசித்தது. அன்றைக்கும் ஆயா வந்தாள். வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாள். பத்து இடைவெளி, பத்துப் பக்கம்.

போன மாதம், "எதிர்க் கட்டடத்து லேப்புல வேலைக்குக் கூப்பிடுறாங்க, போறேன் சார்" என்றாள். அதுவரை கண்ணில் படாத அவள் அருமை பேராசிரியருக்கு அரை மணியில் பட்டது. அவர் ஆய்வகத்திலேயே நிரந்தர வேலைக்குக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: முன் அனுபவம், பூஜ்யம்.

"நிரந்தரம்னு போட்டிருக்குல்ல? கண்ண மூடிக்கிட்டுப் போடு" என்றார் வீட்டில் அவளைக் கட்டினவர்.

"பதினோரு வருஷமா மூடிக்கிட்டுத்தாங்க போட்டேன்."

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் போனாள்.

"இந்தப் பத்து நாளும் நான் இங்கதான் வேல பாத்தேன்னு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் நான் போடுறேன்."

"அன்னைக்கு நீங்க வேலையிலயே இல்லையேம்மா! சட்டப்படி பாத்தா அத்துமீறி உள்ள வந்திருக்கீங்க."

"அத்துமீறி வந்து காப்பாத்துன செல்ல வச்சுத்தான நீங்க பரிசு வாங்குனீங்க? அப்ப அதுவும் அத்துமீறல்தானா?"

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். பழைய வருடத்திலிருந்து தொடங்கி மளமளவென்று ஒன்பது போட்டார். பத்தாவதுக்கு வந்ததும் ஏதோ கூட்டம் ஞாபகம் வந்துவிட்டது.

"இத நாளைக்குப் பாத்துக்கலாம்மா."

ஆகா, என்ன தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். விடுபட்டது போன வருடத்துப் பக்கம். அந்த ஓட்டை அடைபடாத வரை, இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அவள் அனுபவம் ஒரே வருடம். மற்ற ஒன்பதும் நீர்மேல் எழுத்து. மனிதருக்குக் கணக்கு வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆயாவுக்கும் எண்ணத் தெரியும். பதிவேட்டை அந்தப் பக்கத்திலேயே விரித்து, அவர் மேசை நடுவில் வைத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் எதிர்க் கட்டடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும். இன்று வியாழன். அந்த ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி.