தென்காசியில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது

எண்பதுகளின் தொடக்கம், சாரல் காலம். கொல்லம் மெயில் காலை பத்து மணிக்குமேல் தென்காசியில் இறக்கிவிட்டது. மலை பாதிதான் தெரிந்தது. மலை பார்க்கும் மனநிலையும் எனக்கில்லை. நண்பன் சண்முகத்தை நாலு வார்த்தை கேட்கத்தான் எழும்பூரில் ரயிலேறியிருந்தேன்.

வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்வதைக் கணிதமாக எழுதுவது எங்கள் ஆராய்ச்சி. அவனுடைய மாதிரியில் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும். ஒருவர் வரும்வரை மற்றவர் காத்திருப்பார். என்னுடையதில், தபால்பெட்டியில் போட்டதுபோல் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இரண்டையும் இணைக்கும் நிரூபணம் அவன் பொறுப்பு. அவனோ ஊருக்குப் போனவன், போனவன்தான்.

அவன் வீட்டு வாசலில் பெஞ்சுகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எரிச்சலில், “என்னடா, கடிதத்துக்குப் பதிலே இல்லை?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் அவனுடைய மழித்த தலையைப் பார்த்தேன்.

அவனுடைய சித்தப்பா என்னை ஒதுக்கி அழைத்துப்போனார். “அண்ணன் தவறிட்டாவ. உங்களுக்குத் தந்தி குடுத்தோமே?”

நான் கிளம்பிய பிறகு போய்ச் சேர்ந்திருக்கும்.

“துட்டி வீட்ல வாங்கன்னு சொல்லமாட்டோம் தம்பி. ரெண்டு கையையும் நீட்டுங்க, அவன் தொடுவான். அம்புட்டுதான்.”

நீட்டினேன். அவன் தொடும்வரை கை நீட்டியபடியே நின்றேன். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“இனி கடைய யாரு பாக்கது? மூத்தவன் இவன்தான். ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்கான்” என்றார் சித்தப்பா. என் கேள்வியும் அதுதான்: சென்னைக்குத் திரும்புவானா? அங்கே கேட்க வாய் வரவில்லை.

“போறப்பவும் சொல்லிக்கிடக் கூடாது. எந்திச்சுப் போயிரணும். குத்தாலத்துல முங்கிட்டு ரயிலேறுங்க.”

எழுந்து நடந்தேன். சண்முகம் தலை நிமிரவில்லை.

குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், பேருந்தில் அறுபது காசு. பேரருவியில் எண்ணெய் தேய்த்த கூட்டம் கும்மாளமிட்டது. அதன் நடுவே தலையைக் கொடுத்து நின்றேன். துக்கம் அப்போதுதான் முழுசாக வந்தது.

சென்னையில் யாரைப் பார்த்தாலும் ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பிரிகிறோம், பாதிப்பேர் வருவதில்லை. நிரூபணம் வராத எங்கள் கட்டுரையில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கின்றன. என் மாதிரிப்படி நான் அடுத்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். அவனுடைய மாதிரிப்படி காத்திருக்கிறேன்.