கேட்டில் மாட்டிய முகம்

என் பிஸ்கட் டின்னில் யுத்தகாலக் கேலிச்சித்திர அட்டைகள் முப்பத்தொன்று இருக்கின்றன. வகைவாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறேன். மீசைச் சர்வாதிகாரியைக் கழுதை உதைப்பவை ஒன்பது, உருளைக்கிழங்கு உரிக்கும் சிப்பாய்கள் ஆறு, கொசுவோடு மல்லுக்கட்டும் சிப்பாய்கள் நான்கு, மற்றவை பலரகம். கண்டோன்மென்ட் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த சுவரொட்டி ஒன்று. அதை வரைந்தவள் நான்.

அப்போது விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் ட்ரேசராக இருந்தேன். இன்ஜினியர் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் ட்ரேசிங் துணியை விரித்து, மையால் அப்படியே படியெடுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடு சேர்க்கக் கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர்.

ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் பிரித்துப்போடும் அக்கா ஒருத்தி நீலசந்திராவிலிருந்து வருவாள். கணவர் பட்டாளத்தில், பர்மா பக்கம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் சாப்பாட்டு வேளையில் என்னிடம்தான் கொண்டுவருவாள். நான் ஒருமுறை படித்தால் போதும், சாயங்காலம்வரை எல்லோரிடமும் அதை ஒப்பித்துக்கொண்டிருப்பாள்.

வெட்டிப்பேச்சு எதிரிக்கு உதவும் என்று தமிழில் ஒரு சுவரொட்டி வேண்டும் என்றார் மேலதிகாரி. அட்டை சேர்ப்பவள் என்பதால் வேலை என்னிடம் வந்தது. மனத்திலிருந்து ஒரு முகம் வரைய எனக்கு வரவில்லை. படியெடுக்கத்தான் தெரியும். ஸ்டோர்ஸ் ஆட்களின் குரூப் போட்டோவில் அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டம் போட்டு, பல மடங்கு பெரிதாக்கினேன். வாயை மட்டும் இன்னும் அகலமாக்கி, அதிலிருந்து குட்டி விமானங்கள் விழுவதுபோல் போட்டேன். 'வாயாடினால் விமானம் விழும்.'

அது யாரென்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று நினைத்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். மூக்குத்தியின் மூன்று கற்களையும் எண்ணித்தான் போட்டேன்.

சுவரொட்டியை மாட்டிய அன்று காலையில் தொழிற்சாலை கேட்டருகே கூட்டம். ஸ்டோர்ஸ் பெண் ஒருத்தி அக்காவைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய், உன்னைப் பெருசா மாட்டிட்டாங்கடி! மாலை ஒண்ணுதான் பாக்கி!"

"ஆமா, ஊதுவத்தி நீ வாங்கியா" என்று அக்காவும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கும்மா. மூக்குத்தியக்கூட விடல."

அதன்பின் அவள் கடிதம் கொண்டுவரவில்லை. ஒருநாள் அவள் சாப்பாட்டு டப்பாவின் கீழே பிரிக்காத உறை தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"படிக்கட்டுமாக்கா?"

"வேணாம்மா. கேட்டா பேசத் தோணும்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உறையை டப்பாவுக்கடியில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, சோற்றைப் பிசைந்தாள்.

யுத்தம் முடிந்ததும் ஸ்டோர்ஸ் பெண்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் பியூன் சுவரொட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். "இதை மட்டும் கிழிக்காதீங்க" என்று ஓடிப்போய் வாங்கினேன். அவளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நீலசந்திரா சைக்கிள் தூரம். இன்னும் போகவில்லை. அவள் கணவர் திரும்பி வந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அட்டைகளை எடுக்கும்போதெல்லாம் அதையும் பிரிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கண் முதலில் போவது நான் இழுத்த கோடுகளின் மேல்தான். எங்கும் மை பிசிறடிக்கவில்லை. அதனால்தான் அன்று பியூனிடம் ஓடினேன்.