மஞ்சளுக்குள் ஒரு சிவப்பு

மாலை நான்கு மணி. மழை விட்ட வெளிச்சத்தில் நான் முதலில் பார்த்தது, அண்ணன் கையிலிருந்த கனசதுரப் புதிரின் மஞ்சள் பக்கத்து ஓரத்தில் தனித்து நின்ற ஒரு சிவப்புச் சதுரத்தை. மற்ற நிறங்களெல்லாம் சேர்ந்துவிட்டன. அந்த ஓரக் கட்டை மட்டும் தன் இடத்திலேயே புரண்டு நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சைகோனின் பல குடும்பங்களைப் போல நாங்களும் வெளிநாட்டுப் 'பார்சலில்' வாழ்ந்தோம். காரைக்காலிலிருந்து வந்து வாப்பா வைத்திருந்த துணிக்கடையைப் போருக்குப் பின் வந்த அரசு எடுத்துக்கொண்டிருந்தது. பிரான்சிலிருந்து பெரிய வாப்பா அனுப்பும் துணியையும் சோப்பையும் விற்றுத்தான் அரிசி வாங்கினோம். அந்த முறை, நிறங்கள் கலைந்த ஒரு கனசதுரப் புதிரும் வந்தது. துணி அரிசியாகிவிட்ட நேரத்தில், 'மா' என்று நாங்கள் அழைத்த எங்கள் வியட்நாமியத் தாய் நிமோனியாவில் படுத்தார். மருந்து வெளிச்சந்தையில் மட்டுமே கிடைத்தது. விற்க மிஞ்சியது புதிர்தான்.

"ஆறு பக்கமும் நேரா இருக்கணும். இல்லாட்டி ஒடைஞ்ச சாமான்னு சோலோன் சந்தைக் கடைக்காரன் தொடமாட்டான்" என்றார் வாப்பா.

என் அண்ணன், நானா, இரண்டு நாளாக அதைக் கீழே வைக்கவில்லை. சேர்ந்தால் சோலோனுக்கு, சேராவிட்டால் அவனுக்கே. அந்தக் கடைசிக் கட்டையோ எப்படித் திருப்பியும் அசையவில்லை.

"உன் சாமானை நீயே விக்கிறதுக்கு இம்புட்டுப் பாடா, நானா?" என்றேன்.

திரைக்குப் பின்னால் மா இருமினார். நானா புதிரை வெளிச்சத்தில் சாய்த்தான். கட்டையின் விளிம்பில் கத்திக் கீறல். அந்நாளில் பார்சலைச் சோதிப்பவர்கள் தங்கம் தேடிச் சோப்பைக்கூட அறுத்துப் பார்ப்பார்கள். இதையும் கழற்றி, ஒரு கட்டையைப் புரட்டி மாட்டியிருந்தார்கள். எத்தனை திருப்பினாலும் அது சேராது.

"கத்திய எடுத்துத்தா."

"வாப்பாகிட்ட சேராதுன்னு சொல்லிடேன். உனக்கே இருந்துட்டுப் போவுது."

"பேசாம எடுத்துத்தா, புள்ள."

கட்டையை நெம்பி எடுத்துப் புரட்டி அழுத்தினான். ஆறு பக்கமும் நேரானது. ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல், சட்டை நுனியால் துடைத்து வாப்பாவின் பையில் வைத்தான். மறுநாள் காலை வாப்பா சோலோனுக்குப் பேருந்து ஏறினார். மதியம் மருந்தோடு வந்தார்.

இன்று சோலோனில் அந்தப் புதிர்கள் கூடை கூடையாகக் கிடக்கின்றன. பார்சலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. எங்கள் பழைய தெருவில் தமிழ் பேசும் வீடு ஒன்றும் இல்லை.

மா எங்கள் இருவருடைய நிக்காஹையும் பார்த்துவிட்டுத்தான் இறந்தார்.