பரண்மேல் போட்ட ரப்பர் வளையம்

கள்ளிக்குப்பத்து எல்லம்மா யாருக்கும் பயந்தவள் அல்ல. நாற்று நட்ட கழனியை சர்க்கார் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கென்று எடுத்துக்கொண்டபோது, மறுவாரமே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போல்ட் கம்பெனி வாசலில் போய் நின்று பெருக்கும் வேலை வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் ஒன்றே ஒன்றுக்குத்தான் நடுங்கினாள்: மகள் சொர்ணத்தின் இழுப்புக்கு. ஐப்பசி பிறந்தால் போதும், பிள்ளை படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குத் தவிக்கும். தூதுவளை, ஆஸ்பத்திரி மாத்திரை, தாயத்து, எதற்கும் அடங்கவில்லை.

ஆறாம் வகுப்பில் டிரில் டீச்சர் ஞானகுமாரி சொர்ணத்தை முதலில் மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தார். பிறகு மெல்ல ஓட வைத்தார். அப்புறம் கையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுத்து, வலைக்கு மேலே வீசிப் பிடிக்கும் ரிங் டென்னிஸ் பழக்கினார். அவ்வளவுதான், பெண்ணைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொறித்துக்கொண்டிருந்தவள் இரண்டு தட்டு சோறு கேட்டாள். வாய் திறக்காதவள் தெருவெல்லாம் வம்பளந்தாள். இரண்டு ஐப்பசி வந்து போயின. இழுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மன்தான் கண் திறந்தாள் என்று எல்லம்மா பொங்கல் வைத்தாள். டீச்சரின் நினைப்பே வரவில்லை, பாவிக்கு.

எழுபத்தொன்றில் சொர்ணம் வயசுக்கு வந்தாள். ஓலை கட்டி உட்கார வைத்தார்கள். ஒன்பதாம் நாள் ஓலைக்குள்ளே தொப்பு தொப்பென்று சத்தம். பார்த்தால், பாவாடையில் ஒளித்துக் கொண்டுவந்த வளையத்தை மேலே வீசிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லம்மா அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள். பள்ளிக்கூடமும் அன்றோடு நின்றது.

டீச்சர் வீடு தேடி வந்தார். "அனுப்புங்கம்மா. விளையாடினாதான் அவ நெஞ்சு தெம்பா இருக்கும்."

"இழுப்பு போச்சு டீச்சர். அம்மன் எட்த்துகினா. வயசுக்கு வந்த பொண்ணு கிரவுண்டுல குதிச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"போகலம்மா. அடங்கிக் கிடக்குது, அவ்வளவுதான்."

எல்லம்மா காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சொர்ணம் மரத்தூள் அடுப்பின் முன்னே உட்கார்ந்தாள். அந்தப் புகை வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். அந்த ஐப்பசியிலேயே இழுப்பு திரும்பியது. தெரிந்தால் மாப்பிள்ளை வரமாட்டான் என்று எல்லம்மா ஐந்து வருஷம் மூடி மறைத்து, வேலப்பன்சாவடி கோவிந்தராஜுக்குக் கட்டிக்கொடுத்தாள். முதல் மழைக்கே குட்டு உடைந்தது. "சொல்லிட்டுக் குட்த்திருக்கலாமே அத்தே" என்று சொல்லி, பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

வந்தவள் சுவரோரம் உட்கார்ந்தே கிடந்தாள். பேச்சில்லை, சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லம்மா பரணில் ஏறி, கரி படிந்த வளையத்தைத் தேடி எடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள்.

"வா. போடு."

"இன்னாமா இது? எல்லாம் பாக்குது."

"பாக்கட்டும். போடு."

சொர்ணம் வீசினாள். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. எல்லம்மாவுக்குப் பிடிக்கத் தெரியவில்லை; ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை வளையம் பாதி வழியிலேயே விழுந்தது. சொர்ணம் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள். நெஞ்சு கீச்சுகீச்சென்றது. முகத்தில் மட்டும் ஆறு வருஷமாகக் காணாத சிரிப்பு.

"முடிலமா. மொதல்ல நடக்கணும்னு டீச்சர் சொல்வாங்க."

"அந்த டீச்சர் இப்ப எங்க கீறாங்க?"

"மாத்தலாயிப் போய் நாலு வருஷமாச்சு. போறதுக்கு முந்தி உன்னப் பாக்க வந்தாங்க. நீ வேலைக்குப் போயிருந்த. நான்தான் பாத்தேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வளையத்த வச்சிருக்கியான்னு கேட்டாங்க. இருக்குன்னேன்."

எல்லம்மா வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள்.