படகை விட்டுப் பிரியாத மீன்

அம்மாவைப் பொறுத்தவரை சமன், அதாவது சால்மன், என்பது டின்னுக்குள் பிறந்து டின்னுக்குள்ளேயே வளரும் மீன். மட்டக்களப்பில் அவர் கண்ட சமன் அது ஒன்றுதான். ஆகவே, நான் ஆற்றுக்குப் போய் உயிருள்ள சால்மன் குஞ்சுகளின் வயிற்றைக் கீறி, உள்ளே ஒரு கருவியை வைத்துத் தைத்து, அவை கடலுக்குப் போய்ச் சேருகின்றனவா என்று பார்க்கப்போகிறேன் என்று சொன்னபோது, அடுப்பைக் குறைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ளுக்கு வைச்சா என்ன நடக்கும்?"

"அது சத்தம் போடும் அம்மா. தண்ணிக்குள்ள நாங்கள் அதைக் கேக்கலாம்."

"எங்கட வாவியில மீன் தானாப் பாடும். உங்கட கனடா மீனுக்கு மெசின் வைச்சாத்தான் வாய் திறக்குமோ?"

எனக்கு அப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. எங்கள் வீடிருந்த வில்லரேயிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு சால்மன் பாதிக் கடலைக் கடந்துவிடும். சால்மன் ஆற்றில் பிறக்கிறது. சில வருடங்கள் புள்ளிபுள்ளியாக, மண்ணிறமாக, யார் கண்ணிலும் படாமல் கற்களுக்கிடையில் ஒளிந்து வளர்கிறது. பிறகு ஒரு வசந்தத்தில் உடம்பெல்லாம் வெள்ளிபோல மினுங்கத் தொடங்கி, பனி உருகிய வெள்ளத்தோடு கடலுக்குப் புறப்பட்டுவிடுகிறது. புறப்படுகிறவை எல்லாம் போய்ச் சேருவதில்லை. எங்கே தொலைகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. ஆறு நெடுகிலும் கழிமுகத்திலும் தண்ணீருக்கடியில் கேட்கும் கருவிகளைக் கட்டிவைத்திருப்போம். மீன் கடந்துபோனால் அதன் இலக்கம் பதிவாகும்.

மீனைத் தைக்க முன்னர் வாழைப்பழத்தில் தைத்துப் பழகச் சொன்னார் எங்கள் ஆய்வுகூடத்துப் பேராசிரியை. தோலின் தடிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருக்குமாம். எங்கள் குசினி மேசையில் அந்த மாதம் முழுக்க வயிற்றில் தையல் போட்ட வாழைப்பழங்கள்தான். கீழ்வீட்டு அக்கா தேத்தண்ணிக்கு வந்தபோது அம்மா யோசிக்காமல் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டார். அக்கா பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு மனசில ஏதும் கஷ்டமோ?" என்று கேட்டாராம். அம்மா, "ஓம், படிப்புக் கூடிப்போச்சு" என்றிருக்கிறார்.

அம்மா ஆற்றுக்கு வந்தது இன்னொரு கதை. எங்கள் ஆற்றங்கரை முகாமுக்குச் சமைக்க ஒழுங்குபண்ணியிருந்த ஆள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டார். பேராசிரியை என் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர். அம்மாவின் கட்லட்டுகளில் பாதி அவருடைய வயிற்றுக்குள்தான் போயிருக்கும். "உன்னுடைய அம்மா வருவாரா?" என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் வீட்டில் வந்து சொன்னேன். நான் சொல்லி முடிக்க முன்னரே அம்மா பெரிய சருவச் சட்டியை இறக்கிக் கழுவத் தொடங்கிவிட்டார்.

"மீன் காய்ச்சலாமோ?"

"மீன் மட்டும் கூடாது அம்மா."

"ஆத்தங்கரையில போய் இருந்துகொண்டு கோழியோ?"

ஒருநாள் முழுக்க வாகனத்தில் ஓடி, வாகனங்களை ஏற்றும் பாதைப் படகொன்றில் ஏறிப் பெரிய ஆறொன்றைக் கடந்து, வடகரையில் மரங்களைத் தவிர ஒன்றுமில்லாத ஓரிடத்தில் போய் இறங்கினோம். கறுப்புச் சிற்றீக்கள் மேகம்போல வந்து மொய்த்தன. அம்மா என்னுடைய பழைய குளிர்கோட்டைப் போட்டு, தலையிலிருந்து தோள்வரை வலை தொங்கும் தொப்பியொன்றையும் மாட்டிக்கொண்டார். பார்க்க, தன் கலியாணத்துக்கே பிந்திவிட்ட, முகத்திரை போட்ட வேதக்கார மணப்பெண் மாதிரி இருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. பேராசிரியை சொன்னார், நான் மொழிபெயர்க்கவில்லை.

படகோட்டி உள்ளூர்க்காரர். பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூர், மெர்சி, அதற்குமேல் "விலை கூட". ஆனால் இருவரும் முதல்நாளே நன்றாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் வானத்தைக் காட்டி மழை வரும் என்று பிரெஞ்சில் சொல்ல, அம்மா சட்டியைக் காட்டி வெங்காயம் முடிந்துவிட்டது என்று தமிழில் சொல்வார். இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். அடுத்தநாள் அவர் ஒரு பை நிறைய வெங்காயம் கொண்டுவந்தார். எப்படி விளங்கியதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பொறியில் அகப்பட்ட குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தைத்தோம். என் கை நீளம்கூட இல்லை ஒன்றும். வாழைப்பழம் வழுக்காது, மூச்சு விடாது, நடுவில் கண்ணை உருட்டிப் பார்க்காது. மற்றப்படி பேராசிரியை சொன்னது சரிதான். தைத்தவற்றை ஒருநாள் தேறவிட்டு, மூடியுள்ள பெரிய தொட்டியில் காற்றுக்குமிழி போடும் கருவியோடு படகில் ஏற்றி, சற்றுக் கீழே கொண்டுபோய் விட வேண்டும். பிறகு அவற்றின் பின்னாலேயே போக வேண்டும்.

அம்மாவும் படகில் வருவேன் என்று நின்றார். "கோழியையே பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. நானும் ஒருக்கா மீனைப் பார்க்கிறன்." படகோட்டி உடனே தன் கையை நீட்டி ஏற்றிக்கொண்டார்.

ஆழமான ஒரு மடுவில் வலைக்கரண்டியால் மீன்களை அள்ளி விட்டோம். வெள்ளிக் காசை எறிந்ததுபோல மின்னி மின்னி மறைந்தன. தொட்டித் தண்ணீரைக் கொட்டவில்லை, பிறகு தேவைப்படும் என்று மூடிவைத்தோம். படகின் பலகை ஈரமாக இருந்ததால் அம்மா அந்த மூடியின்மேல் ஒரு துவாயை விரித்து வசதியாக அமர்ந்துகொண்டார்.

இயந்திரத்தை நிறுத்தி, ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். உடனே டிக், டிக், டிக் என்று பலமான சத்தம். திரையில் ஒரு மீனின் இலக்கம்.

"மிக அருகில்!" என்றார் பேராசிரியை.

கொஞ்சத் தூரம் ஓடி மறுபடி நிறுத்தினோம். அதே இலக்கம், அதே பலம். மற்ற மீன்களின் சத்தம் எல்லாம் வரவரத் தேய்ந்துபோனது. இது மட்டும் எங்களை விடவில்லை. வளைவு தாண்டி நிறுத்தினோம். இருந்தது. பேராசிரியையின் முகம் சிவந்தது. "திரும்பி மேலே போய்ப் பார்ப்போம்" என்றார். ஆற்றை எதிர்த்து ஏறினோம். மீனும் எதிர்த்து ஏறியிருந்தது.

"படகைப் பின்தொடர்கிறது," என்றார் அவர் மூச்சுவிடாமல். "கடலுக்குப் போகிற குஞ்சு இப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை."

படகோட்டி நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் படகு அழகானதுதான் என்று பிரெஞ்சில் சொன்னார்.

"மகள்," என்றார் அம்மா, "எனக்குக் கீழ என்னவோ..."

"ஷ்ஷ், அம்மா. சத்தம் கேக்கோணும்."

மறுகரைக்குப் போனோம். மீன் வந்தது. ஒரு வட்டம் அடித்தோம். மீனும் அடித்தது. பேராசிரியை படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, மூக்கு நனைய ஆற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டதும் காட்டவென்று ஒரு விரலை மட்டும் மேலே தூக்கியே வைத்திருந்தார்.

"மகள், இது டக் டக் எண்டு..."

"மறுகா சொல்லுங்கோ அம்மா!"

தொப்பி வலைக்குள் அம்மாவின் முகம் கோபத்தில் உப்பியது தெரிந்தது. இப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆற்றை உழுதோம். கடைசியில் அம்மா எழும்பி, துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச ஒண்டு மிச்சம் கிடக்கு."

குமிழிக் கருவிக்குப் பின்னால், தொட்டியின் மூலையில், வாலை அடித்தபடி அது நின்றது. எங்கள் மீன். அதன் டிக் டிக் தொட்டித் தண்ணீரிலிருந்து படகின் அலுமினியத் தகட்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஆற்றுக்குள் போய், ஒலிவாங்கி வழியாக எங்கள் காதுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் அம்மா. "எனக்குக் கீழ அடிக்குது எண்டு. ஒருத்தரும் கேக்கேல்ல. மெசினுக்குத்தான் இஞ்ச மரியாதை."

நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியை நனைந்த மூக்கோடு நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு படகு ஆட ஆடச் சிரித்தார். படகோட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

அதை விடும் பொறுப்பை அம்மா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, நான் காட்டிக்கொடுத்தபடி அடியில் கைகொடுத்துத் தூக்கி, ஆற்றுக்குள் தாழ்த்திப் பிடித்தார். மீன் கொஞ்ச நேரம் கைக்குள்ளேயே நின்றது. "போயிட்டு வா," என்றார் அம்மா. அது போனது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் பேராசிரியை.

"போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னார். எங்களில் யாரையும் வெறுமனே போ என்று சொல்வதில்லை."

"விஞ்ஞானப்படியும் சரி," என்றார் அவர். "பிறந்த ஆற்றுக்குத்தான் திரும்பி வரும்."

இலையுதிர் காலத்தில், கழிமுகத்துக் கருவிகளின் பதிவுகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தன. பல இலக்கங்கள் வழியிலேயே நின்றுபோயிருந்தன. நான் முதலில் தேடியது அந்த ஒன்றைத்தான். கடைசிக் கருவியையும் தாண்டியிருந்தது. அதற்கப்பால் எங்களுக்குக் காது இல்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இனி எங்க போகும்?"

"தீனி தேடிக் கிறீன்லாந்துப் பக்கம் போயிருக்கும்."

"அந்தக் குளிருக்கோ?" என்றார்.

சில நாட்கள் கழித்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். தமிழ்ப் பெண்மணி ஒருவர் எங்களோடு வரிசையில் நின்றார். வழக்கம்போல எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரணை தொடங்கியது. நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது மகள்," என்றார் அம்மா. "மூத்தவன் ரொக்ஸ்பரோவில. இன்னொண்டு இப்பதான் கிறீன்லாந்துக்குப் போயிருக்கு."

"கிறீன்லாந்தோ! அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்டுமில்ல. திண்டு கொழுக்கத்தான்."

"ஐயோ," என்றார் அந்தப் பெண்மணி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "என்ட கடைசியும் அப்பிடித்தான்."